ஆர்லிஸின் தகரத் தட்டு

அலமாரியின் அடித்தட்டில், பெரிய பாத்திரங்களுக்கெல்லாம் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த தகரத் தட்டு அன்று காலை நிமிர்ந்து கிடந்தது. அதில் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

கோரின் முதலில் குழாயைத்தான் சந்தேகித்தாள். குனிந்து, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். குழாய் காய்ந்திருந்தது. பலகை காய்ந்திருந்தது. பக்கத்து வாணலியில் தூசி படிந்திருந்தது. தட்டில் மட்டும் தண்ணீர், அதன்மேல் ஒரு புல் துணுக்கு. மே மாத நடுவில், மழையையே காணாத வாரங்களுக்குப் பிறகு, அந்தத் தண்ணீர் ஆலங்கட்டி உருகியதுபோல் குளிர்ந்து விரலைச் சுட்டது.

கொட்டிவிட்டுத் துடைத்தாள். துடைக்கும்போது அடியில் ஒட்டியிருந்த காகித நாடா கையில் நெருடியது. நாடாவின் மேல், கொட்டை எழுத்தில், ஆர்லிஸ் கிராட்ஸ் என்ற பெயர். இந்த ஊரில் எல்லாரும் தட்டுக்கு அடியில் பெயர் ஒட்டிவைப்பார்கள். சாவு வீட்டுக்கும் தேவாலயச் சாப்பாட்டுக்கும் போன தட்டுகள் வழி தெரிந்து வீடு திரும்ப வேண்டுமே. இந்தத் தட்டு திரும்பவில்லை. ஒரு வருஷமாகக் கோரினிடமே இருந்தது. ஆர்லிஸ் போனதும் ஒரு வருஷம் முன்புதான்.

கவிழ்த்து வைத்தாள். அலமாரிக் கதவை இழுத்துச் சாத்தினாள். சாத்திய பிறகும் உள்ளே ஏதோ தகரத்தில் உருண்டதுபோல் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. வாணலி அசைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெளியே வெண்டல் கிராட்ஸ் வேலி ஓரத்தில் நின்று தென்மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்லிஸின் கணவர். சரளைக்கல் சாலைக்கு அந்தப் பக்கம், போன வருஷம் சுழற்காற்று பிய்த்தெறிந்த வீடு இருந்த அதே இடத்தில், புது டிரெய்லர் வீடு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சுவர் தகடு, தரை பலகை, அடியில் வெறும் சிமெண்டுக் கட்டைகள். காற்று வந்தால் ஒளிய நிலவறை கிடையாது. அவருடைய கிழட்டு நாய் டியூக் காலடியில் படுத்திருந்தது.

"பாத்தியாம்மா, மேகம் காலிஃப்ளவர் மாதிரி பொங்கிட்டு வருது," என்றார். "சாயங்காலத்துக்குள்ள ஆட்டம் இருக்கு. உங்க ஊர்ல இதுக்கெல்லாம் டிக்கெட் போடுவாங்க. இங்க இலவசம்."

கோரின் சிரிக்க முயன்றாள். சாலையில் போன ஒரு டிராக்டர்க்காரருக்கு வெண்டல் வணக்கமாக ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அவரும் ஒரு விரலைத் தூக்கினார்.

"ஆர்லிஸ் செய்யிற எலுமிச்சைக் கேக்குத் துண்டு இருக்கே, அதை நான் செஞ்சு பாத்தேன்," என்றார் வெண்டல். "கருங்கல்லு. டியூக்கே மோந்து பாத்துட்டுப் போயிட்டான். இருந்தாலும் ராத்திரிக்குக் கொண்டாறேன், பல்லு உறுதியா இருக்கான்னு பாரு."

அதற்குப் பிறகு அவர் எப்போதும் போகிற இடத்துக்குப் பேச்சு போயிற்று. கோரினுக்கு அது தெரியும். காதைப் பொத்திக்கொள்ள முடியாமல் நின்றாள்.

"நான்தான் அவகிட்ட போன்ல சொன்னேன். புதன்கிழமைடி, சைரனைச் சோதனைக்கு ஊதறான், பேசாம உக்காருன்னேன். வானம் அந்த நெறத்துல இருக்கறப்போ சோதனைக்கு ஊதமாட்டான். இங்க பொறந்த கைக்குழந்தைக்குத் தெரியும் அது. எனக்குத் தெரியாதா? கூட்டுறவுக் கிடங்குல நாலு பேரோட அரட்டை. வாய் சும்மா இருக்கல." வேலிக் கம்பியை விரலால் சுண்டினார். "கொஞ்சம் முன்னாடி கெளம்பியிருந்தா உன் நிலவறைக்கு வந்து சேந்திருப்பா. இன்னைக்கு என்னைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பா."

வந்து சேர்ந்தாள். கோரினின் நாக்கு நுனிவரை வந்தது அது. வந்து சேர்ந்தாள், வெண்டல்.

"காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். சைரன் ஊதினால் நீ முதலில் இறங்கிவிடு, டியூக்கைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வருகிறேன், தாழ் மட்டும் போட்டுவிடாதே என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே சாலையைத் தாண்டினார். பனிக்காலம் முழுவதும் அவள் வாசல் பனியை வாரித் தள்ளியவர் அவர்தான். மனைவியைப் புதைத்த மறுவாரமே ஏணி போட்டுக் கோரின் வீட்டுக் கூரையின் உடைந்த ஓடுகளை மாற்றிக் கொடுத்ததும் அவர்தான்.

ஆரிகன் கடற்கரையில் கோரின் வளர்ந்த ஊரில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் அது முணுமுணுக்கிற மழை. நாளெல்லாம் சிணுங்கிக்கொண்டே இருக்கும், கோபப்படாது. கணவன் கேரட்டுக்குக் காற்றாலை பழுதுபார்க்கும் வேலை நெப்ராஸ்காவில் கிடைத்து இங்கே வந்த பிறகுதான் இடி என்றால் என்னவென்று தெரிந்தது. முதல் தடவை, தொலைவில் யாரோ இரும்புப் பீப்பாய்களை வண்டியிலிருந்து இறக்குவதுபோல் தொடங்கி, அந்தப் பீப்பாய்கள் வயல் முழுவதும் உருண்டு வந்து வீட்டுச் சுவரில் மோதி, அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டபோது, அவள் பயப்படவில்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். வானத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை மின்னல் வேர் பிடித்து இறங்குவதையும், ஒளியில் ஒரு கணம் ஊரின் தானியக் கோபுரம் எலும்புபோல் வெளுத்து நிற்பதையும், மண்ணிலிருந்து எழுந்த சூடான இரும்பு வாசனையையும் ஒன்றுவிடாமல் அனுபவித்தாள். கேரட் வாரம் முழுவதும் வெளியூரில். அவளுக்குத் துணை என்று இருந்தது அந்த இடிதான்.

அந்த நாட்களில்தான் ஆர்லிஸ் எலுமிச்சைத் துண்டுகள் நிறைந்த தட்டோடு வந்தாள். சிவப்பு ரப்பர் மழைக்கோட்டு போட்ட, குள்ளமான, வாய் ஓயாத பெண்.

"தட்டைக் காலியாத் திருப்பிடாத கண்ணு," என்றாள். "காலித் தட்டு குடுத்தவங்களை இந்த ஜில்லாவை விட்டே தொரத்தியிருக்கோம்."

பிறகு ஒரே ஒரு உதவி கேட்டாள். பின்வாசலில் மண்மேடாக இருக்கும் நிலவறை. முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் இடிமழைக் காலம் முழுவதும் அதைத் திறந்தே போட்டிருப்பார்கள். சைரன் ஊதினால் கிராட்ஸ் தம்பதி வந்துவிடுவார்கள். நாங்கள்தான் என்று தெரிய, கதவில் இரண்டு முறை தட்டுவோம், கொஞ்சம் விட்டு ஒரு முறை. சீட்டுக்கட்டு நான் கொண்டுவருவேன் என்றாள். கோரின் தாராளமாக என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

ஒரு நாள் காலை நிலவறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே காலி பீர் டப்பாக்கள், சேற்றுக் கால்தடம். பழைய ஊரில் திருடர்கள் கார்க் கொட்டகையையே துடைத்துக்கொண்டு போயிருந்தார்கள், அந்தப் பயம் போகவில்லை. அன்றே பூட்டு வாங்கி மாட்டினாள். ஒரு சாவி அவளுக்கு. இன்னொன்றை ஆர்லிஸின் தட்டில் போட்டு வைத்தாள். எதையாவது சுட்டு நிரப்பிக் கொடுக்கும்போது சாவியையும் கொடுத்துவிடலாம். முதல் தடவை சுட்டது கருகிப்போனது. அடுத்த தடவை வெண்ணெய் இல்லை. காலித் தட்டோடு எப்படிப் போவது? நாளைக்கு என்று தள்ளினாள். மறுநாளும் நாளைக்கு என்றாள். சாலையின் அந்தப் பக்கம்தானே, எங்கே போய்விடப் போகிறது.

சாவியைக் கொடுக்காததற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் இந்த ஒரு வருஷமும் அவள் தூங்கியிருப்பாள்.

அந்தப் புதன்கிழமை நண்பகலில் வானம் பழைய கண்ணாடி பாட்டிலின் பச்சையாக மாறியது. கோரின் சமையலறை ஜன்னலில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். சைரன் ஊதியது. மாதத்தின் முதல் புதன். சோதனைதான் என்று அவளும் நினைத்தாள். பிறகு ஆலங்கட்டி விழத் தொடங்கியது. பிறகு சாலையைத் தாண்டி ஒரு சிவப்பு மழைக்கோட்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஓடி வந்தது.

நேராக நிலவறைக்குப் போனது. குனிந்தது. இழுத்தது. கையால் பலகையைத் தட்டியது. அப்புறம் அடித்தது. அப்புறம் நிமிர்ந்து, வீட்டை, சமையலறை ஜன்னலை, ஜன்னலில் நின்ற கோரினைப் பார்த்தது.

கோரின் தட்டிலிருந்து சாவியை எடுத்தாள். பின்கதவைத் திறந்தாள். துணி காயப்போடும் கயிற்றின் நீளம்தான் தூரம். முட்டை முட்டையாக விழுந்த ஆலங்கட்டி படியில் பட்டு வெடித்துச் சிதறியது. ஆர்லிஸின் வாய் திறந்து மூடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. உலகத்தின் மற்ற எல்லாச் சத்தத்தையும் தின்றுகொண்டு ஒரு ரயில்போல் சுழற்காற்று வயலுக்குள் வந்துகொண்டிருந்தது.

கோரின் கதவைச் சாத்தினாள். குளியலறைத் தொட்டிக்குள் போய்ச் சுருண்டாள். சாவி கையிலேயே இருந்தது.

எல்லாம் அடங்கி, கழுவித் துடைத்த நீல வானத்தின் கீழ் அவள் முதலில் செய்தது உதவிக்குக் கூப்பிட்டது அல்ல. பூட்டைக் கழற்றியது. நிலவறைக் கதவில் நகங்கள் கீறிய வெள்ளைக் கோடுகள் இருந்தன. ஆலங்கட்டி அடித்த பள்ளங்களுக்கு நடுவே அவை யாருக்கும் தெரியவில்லை. பூட்டையும் இரண்டு சாவிகளையும் வயலுக்குப் பின்னால் இருந்த குட்டையில் எறிந்தாள். ஆர்லிஸை உழுத மண்ணில் கண்டெடுத்தவர்கள், பாவம், நிலவறைவரை வந்து சேரவில்லை என்றார்கள். கோரினைக் கேட்டார்கள்.

"நான் பாக்கலை," என்றாள்.

இப்போது, ஒரு வருஷம் கழித்து, மாலை நான்கு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. குருவிகள் ஓய்ந்தன. காற்று நின்றது, வாசலில் மாட்டியிருந்த கொடி ஈரத் துணிபோல் தொங்கியது. ஒவ்வொரு இடியும் வந்து போன பிறகு, சமையலறை அலமாரிக்குள் தகரத்தில் ஏதோ உருண்டது. இடி. உருளல். இடி. உருளல். கோரின் அலமாரியின் பக்கம் திரும்பாமல் மின்கல விளக்கை எடுத்துக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடி பச்சையானபோது சைரன் ஊதியது.

பின்வாசலில் ஓடும்போதே தீர்மானித்துவிட்டாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது. இல்லாவிட்டால் அந்த மனிதர் சாகும்வரை தன்னைத்தானே திட்டிக்கொண்டு கிடப்பார். அதற்கு முன்னால் சொல்லிவிடுவது.

நிலவறைக்குள் உருளைக்கிழங்கும் ஈர மண்ணும் மணத்தன. இரண்டு பக்கமும் பெஞ்சு. கதவை வெறுமனே சாத்திவிட்டு, தாழ் போடாமல், விளக்கைக் காலடியில் வைத்து உட்கார்ந்தாள். மேலே முதல் ஆலங்கட்டிகள் பலகையில் விழுந்தன, யாரோ கை நிறையக் கூழாங்கற்களை அள்ளி எறிவதுபோல்.

கதவு திறந்தது. காற்று ஒரு மிருகம்போல் உள்ளே பாய்ந்து விளக்கைக் கவிழ்த்தது. விளக்கு படிக்கு அடியில் உருண்டு அணைந்தது. படிகளில் காலடி, மெதுவாக, ஒவ்வொன்றாக. கதவு மூடியது. தாழ்ப்பாள் நகர்ந்தது. அதற்குப் பிறகு இன்னொரு சின்னச் சத்தம், கிளிக் என்று.

"வெண்டல்? டியூக் எங்க?"

எதிர்ப் பெஞ்சு முனகியது. தண்ணீர் சொட்டியது. ஈர ரப்பர் வாசனை வந்தது, அதோடு எலுமிச்சை வாசனை. கருங்கல்லைக் கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்தாள். நாயை விட்டுவிட்டு வந்திருக்கிறார், அதுதான் பேசமாட்டேன் என்கிறார்.

"நாயைத் தேடிப் பிடிச்சிக்கலாம்," என்றாள். "வெண்டல், நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாதீங்க. பேசினா என்னால சொல்ல முடியாது."

சொட்டு. சொட்டு.

சொன்னாள். இருட்டில் அது எளிதாக இருந்தது. பீர் டப்பாக்கள், பூட்டு, தட்டில் போட்ட சாவி, கருகிப்போன மாவு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். தட்டு காலியாக இருந்ததால்தான் சாவியைக் கொடுக்க வரவில்லை என்பதைச் சொன்னாள். ஜன்னலைப் பற்றிச் சொன்னாள். ஆர்லிஸ் தன்னைப் பார்த்ததைச் சொன்னாள்.

"கதவைத் திறந்துட்டேன். சாவி கையில இருந்துச்சு. போயிருக்கலாம். போகல. நீங்க போன்ல சொன்னதால அவ சாகல, வெண்டல். வந்து சேந்துட்டா. நான்தான் தொறக்கல."

எதிரே இருந்தவர் மூச்சு விடும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். திட்டட்டும். எழுந்து வந்து அறையட்டும்.

மூச்சே கேட்கவில்லை.

சொன்ன நேரம் முழுவதும் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மேலே பலகையில் தட்டல் கேட்டது.

இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, ஒன்று.

கோரின் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்தாள். ஒரு வருஷமாக அவள் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த தட்டல்.

"தொறக்காதீங்க," என்று கிசுகிசுத்தாள். "அவதான் அது. தொறந்துடாதீங்க."

மறுபடியும் இரண்டு. ஒன்று. பிறகு முஷ்டியால் குத்தும் சத்தம். பிறகு ஒரு நாய் கேவியது. டியூக்.

"ஏம்மா கோரின்!" ஆலங்கட்டிச் சத்தத்துக்கு நடுவே, பலகைக்கு அந்தப் பக்கம், வெண்டலின் குரல். "தாழ் போடாதன்னு சொன்னேன்ல! தொறம்மா, மண்டை பொளக்குது!"

எதிர்ப் பெஞ்சு மெல்ல முனகியது.

கோரின் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு படியேறினாள். தாழ்ப்பாள் கையில் பட்டது. இழுத்தாள். வரவில்லை. அதில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. கனமாக. சில்லென்று. குட்டைப் பாசியின் வழவழப்போடு.

பூட்டு.

உள்பக்கம்.

"கோரின்!"

ரயில் வந்துகொண்டிருந்தது. தூரத்தில், வயலுக்கு அப்பால். காது அடைத்தது. கதவு இடுக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாக எரிந்தன, அணைந்தன, மறுபடி எரிந்தன.

திரும்பினாள்.

சிவப்பு மழைக்கோட்டு. தொப்பிக்குள் இருட்டு. மடியில் தகரத் தட்டு. நிரம்பித் தளும்பிய தண்ணீர். அதைப் பிடித்திருந்த விரல்களின் நுனியில் நகங்கள் இல்லை.

தட்டு மெல்ல உயர்ந்தது. அவளை நோக்கி நீண்டது. அடியில், தண்ணீருக்குள், ஒரு சாவி நகர்ந்து தகரத்தில் மோதியது.

எடுத்தால் போதும். கையை விட்டு எடுத்தால் போதும். இரண்டு படி இறங்கி, அந்த விரல்களுக்கு நடுவே, தண்ணீருக்குள் கையை விட வேண்டும்.

மேலே இரண்டு தட்டு. ஒன்று.

இடுக்குகள் எரிந்தன. தட்டு இன்னும் நெருங்கியிருந்தது.

கோரினின் கை அவள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அசை என்றாள் அதனிடம். அசை.

மேலே இரண்டு தட்டு.

அடுத்த ஒற்றைத் தட்டலுக்காக அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள், நீட்டிய தட்டோடு ஒருத்தியும், நீட்டாத கையோடு ஒருத்தியும்.